முந்நூறு குதிரையும் முழங்கால் தண்ணியும்

மருமகனே, அரியமான் கரையில விருந்தாளிகளை ஏத்திக்கிட்டுப் பறக்க வேகப்படகு வாங்கப் போறியாமே, உங்க அத்தை சொன்னா. ரொம்ப சந்தோசம். படத்தையும் பார்த்தேன். பின்னால மூணு அவுட்போர்டு, மொத்தம் 300 குதிரை. அம்புட்டுக் குதிரையையும் எங்கே மேய்க்கப் போறேங்கிறதுதான் எனக்கு விளங்கலை. நம்ம வடக்குக் கடல்ல பெரும்பாலும் 13 மீட்டருக்கு மேல ஆழமே கிடையாது. கரையோரமோ, ரொம்ப தூரம் நடந்தும் இடுப்பு நனையாது.

அடி கூரா 'வி' மாதிரி இறங்கியிருக்குன்னு பீத்திக்கிட்டியாம். நல்ல அடிதான். அமெரிக்காவுல ரே ஹன்ட் வரைஞ்சது. 1960ல மயாமி–நசாவு பந்தயத்துல அது ஜெயிச்ச பிறகுதான் உலகமே அதைக் காப்பியடிச்சுது. அலையில மோதாம அறுத்துக்கிட்டுப் போகும், இடுப்பெலும்பு தப்பிக்கும். கச்சான் கிளம்பினா தெற்குக் கடலுக்கு அது வேணும், ஆண் கடலாச்சே. வடக்கே எதுக்கு? தட்டையடியைவிட ஆழமா உக்காரும், எண்ணெய் கூடக் குடிக்கும், நிறுத்தினா ஆடும். விருந்தாளி வாந்தியெடுத்தா அதுக்குத் தனிக் கட்டணம் போட்டுக்க.

ஜெட் வாங்கலாங்கிறியா? நியூசிலாந்துல பில் ஹாமில்டன் 1954 வாக்குல ஓடவிட்டது, ஆழமில்லாத ஆத்துக்காக. காத்தாடி வெளியே நீட்டாது. தண்ணியை உறிஞ்சிப் பின்னால பீச்சும். அங்கே கூழாங்கல்லு, இங்கே கடல்தாழை. உறிஞ்சுற வாயில தாழை அடைச்சா நீ தலைகீழாத் தொங்கிப் புடுங்கணும், விருந்தாளி அதைப் படம் எடுப்பான். சாதாக் காத்தாடின்னாலோ தாழையையே வெட்டிப்போடும். கடல்பசு தின்னுற புல்லுய்யா அது.

தண்ணியையே தொடாமப் போற வித்தையும் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் பார்த்தாச்சு. ராமேஸ்வரத்துல கலாம் ஐயாவோட அத்தா, தனுஷ்கோடிக்கு யாத்திரைக்காரங்களை ஏத்த மரப்படகு கட்டினவரு. மகனோ 1960கள் தொடக்கத்துல பெங்களூர்ல காத்து மெத்தையில மிதக்கிற 'நந்தி'யைக் கட்டி, மந்திரி கிருஷ்ண மேனனையே ஏத்தி ஓட்டினாரு. தரைக்கு மேல 40 மில்லிமீட்டர் உசரம். மந்திரிக்குப் பதவி போச்சு, நந்தியும் படுத்துக்கிச்சு.

நமக்கேத்த யோசனை பக்கத்துலயே கிடக்கு. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தோட வங்காள விரிகுடாத் திட்டம் 1979ல ஆரம்பிச்சுது. அந்த ஆளுக சென்னையில உக்காந்து, கட்டுமரக்காரன் கரையேத்த ஒரு படகு வரைஞ்சாங்க. டீசல் எஞ்சின், தண்டு, காத்தாடி மூணையும் ஒண்ணாச் சேர்த்து, மணல் தட்டுனா மொத்தமா மேல தூக்கிக்கிற மாதிரி. தண்ணி புகுந்தாலும் முங்காம இருக்க உள்ளே நுரை அடைச்சாங்க. உன் பளபளப்புக்காரன்கிட்ட இதெல்லாம் இருக்கான்னு கேட்டியா? மெத்தை என்ன கலருன்னு மட்டும் கேட்டிருப்பே.

நுரைன்னதும் சிரிக்காதே. 1958ல வந்த போஸ்டன் வேலர் படகுல ரெண்டு பைபர் தோலுக்கு நடுவே நுரைதான். அதைச் செஞ்ச டிக் ஃபிஷர், 1961ல படகை ரெண்டா அறுக்க வெச்சு, பின்பாதியில உக்காந்து ஓட்டிக்கிட்டே போனாரு. உன்னை அறுக்கச் சொல்லலை. நுரை எங்கே அடைச்சிருக்கு, தண்ணி குடிக்காத நுரைதானான்னு கேளு. தண்ணி குடிச்ச நுரை படகைக் காப்பாத்தாது, கனக்க வைக்கும்.

இன்னொண்ணு. தெற்கே இருக்கிற 21 தீவும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா. வனத்துறையைக் கேக்காம வேகத்தைக் காட்டப் போனா, நீ மட்டும் பஸ்சுல திரும்பி வருவே.

ஆகவே அப்பு, குதிரையைக் குறை, நுரையைக் கூட்டு, தூக்குற காத்தாடி வை. மிச்சக் காசுல ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வாங்கு. அப்புறம் கூப்பிடு, நானும் ஏறி வர்றேன். காசு மட்டும் கேக்காதே.