வாயு மூலையில் வாகனம்

அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. அதில் கார் எங்கே நிற்பது என்று பொறியாளர் சொன்னால் யார் கேட்பது? வாஸ்துக்காரர் சொல்ல வேண்டும். வடமேற்கான வாயு மூலைதான் வாகனத்துக்கு உகந்ததாம். ஈசானியத்தில் பாரம் ஏற்றக் கூடாதாம். தெருவோ தெற்கே. ஆகவே காருக்கு வீட்டோரம் முழுநீளப் பாதை, மிச்சமிருந்தால் சமையலறை.

2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் ஒதுக்கினால் ஒரு கார் தாராளமாக நிற்கும். ஒதுக்கினார்கள், நிற்பவை இரண்டு ஸ்கூட்டர், தண்ணீர் கேன்கள், துணிக்கொடி, தாத்தாவின் ஈஸிசேர். கேட்டுக்கு வெளியே சாக்கடையை மூடிச் சாய்தளம் வேறு, பாதித் தெருவுக்கு.

கார்? எதிர்வீட்டு வாசலில் நிற்கிறது. அது எந்த மூலையானாலும் தோஷம் எதிர்வீட்டுக்காரருக்குத்தான்.