நடுக்கதவு

குடும்ப டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் கைகோத்து வேலை செய்வதில்லை என்று யாராவது குறைப்பட்டால் எங்கள் ஊருக்குக் கூட்டி வாருங்கள். கிளினிக்குக்கும் மெடிக்கலுக்கும் நடுவே கதவே வைத்திருக்கிறார்கள். வெளியே போக அது ஒன்றுதான் வழி. நழுவலாம் என்றால், செருப்பு ஸ்டாண்டு மெடிக்கல் வாசலில்.

டாக்டரின் கையெழுத்து ஒரு பூட்டு. சாவி அந்தக் கடைப் பையனிடம். சீட்டை வேறு கடைக்குக் கொண்டுபோனால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பெனி அங்கதாங்க வரும்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். மருந்தின் பொதுப்பெயரை, புரிகிற மாதிரி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே சொன்னது. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையமும் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது. 23-ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது. மூன்று வாரம். சொறி சிரங்குக்குக்கூட அதைவிட ஆயுசு கெட்டி.

என் அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. உள்ளூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார்; மகன் வீட்டுக்குப் போன இடத்தில் இன்னொருவர் இன்னொன்று. ஒன்று மஞ்சள் அட்டை, ஒன்று நீலம். காலையில் மஞ்சள், ராத்திரி நீலம், ஒரு நாள் தவறவில்லை. கால் வீங்கியது. உள்ளூர் டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்த்தார். நடுக்கதவு வழியாகப் போய் அதையும் வாங்கினாள். தலைசுற்றிக் குளியலறையில் விழுந்த பிறகுதான் இரண்டு அட்டைகளையும் வெயிலில் பிடித்துப் படித்தேன். கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே எறும்பு அளவில்: அம்லோடிபின், 5 மில்லிகிராம். இரண்டிலும் அதேதான். கால் வீக்கம் அந்த மருந்தின் ஊரறிந்த பக்கவிளைவு.

இதைப் பிடிக்க வேண்டியவர் மருந்தாளுநர். அவர் கடையில் இருக்கிறார்: சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சர்டிபிகேட்டாக. மாலை போடாததுதான் பாக்கி. பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். சட்டம் 1948-லேயே இருக்கிறது. ஆள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சர்டிபிகேட்டுக்கு மாத வாடகை மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கவுன்டரில் பிளஸ் டூ முடித்த பையன் கவரில் 1-0-1 போடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

"டாக்டர், இந்தம்மா ஏற்கெனவே இதைத்தான் சாப்பிடுறாங்க." இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு போன்.

போன் வராமலில்லை. அட்டைகளோடு அத்தையை அழைத்துப்போய் நியாயம் கேட்க உட்கார்ந்திருந்தபோதே மெடிக்கலிலிருந்து வந்தது. அத்தையின் நாடியைப் பிடித்தபடியே டாக்டர் பேசினார்: "இருமல் சிரப்பா? எத்தனை பாட்டில் கிடக்கு? எக்ஸ்பயரி எப்ப? அடுத்த மாசமா... சரி, தள்ளிடலாம்."

போனை வைத்துவிட்டுக் கனிவாகத் திரும்பினார்.

"இருமல் இருக்காம்மா?"

"இல்லீங்களே டாக்டர்."

"வரும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.