சபையோர் இலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் புலவர் நூலென ஒப்பார். ஆகவே முறைப்படி தொடங்குவோம். இந்நூல் நுதலிய பொருள், மட்டக்களப்புப் பக்கத்து மெதடிஸ்த சபையொன்றின் மக்களும் அவர்தம் கூடுகையும் ஊருக்கு அவர் செய்யும் ஊழியமும். எல்லை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம். கேட்போர், ஆராதனை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடாதோர். பயன், சபை நிதி காக்கும் உக்கிராணக்காரரை அடுத்துத் தெரியும்போது யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்டு வீணாகலாம் என அறிதல். வழி, ஜோன் வெஸ்லி 1743இல் தம் சங்கத்தாருக்கு எழுதிய பொது விதிகள். தீமை செய்யாதே, நன்மை செய், கடவுள் நியமித்த வழிபாடுகளைக் கைக்கொள் என மூன்றே விதி. மூன்றும் எளியவை என்பதால் உரையாசிரியர்களுக்கு அன்றுமுதல் ஓய்வில்லை.

வரலாறும் சிறிது சொல்லல் மரபு. இலங்கைக்கு முதல் வெஸ்லியன் மிஷனரிமாரை அழைத்துக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக், 1814 மே 3இல் நடுக்கடலில் காலமானார். மற்றவர்களுள் பலர் ஜூன் 29இல் காலியில் கரையேறி, அடுத்த மாதமே கூடிப் பேசி இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுள் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். மட்டக்களப்புக்குத் தனியே வந்தவர் வில்லியம் ஓல்ட். ஓராண்டு நிறையுமுன் அவரும் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது. தலைவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும் என்னும் சபை வழக்குக்கு இதுவே தொன்மைச் சான்று.

ஆளியல்

வருவோர் தருவோர் வந்து பெயர்வோர்
செல்வோர் எனவச் சபையோர் நால்வகை.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், சபையோரைத் தொகுத்துக் கூறுதல் நுதலிற்று.

அவற்றுள் வருவோர் காலத்தால் நான்காவர். மணிக்கு முன்னர், முதற்பாட்டினர், பிரசங்கத்தினர், ஆசீர்வாதத்தினர். ஆசீர்வாதத்தினர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எனினும் தேநீர் வேளையில் முன்வரிசையில் நிற்பர். இடத்தால் இருவகையர்: பின்கதிரையார், மின்விசிறியார். மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இருக்கை பரம்பரைச் சொத்து. அதற்கு உறுதி எழுதியவர் எவருமில்லை. ஆயினும் புதிதாய் வந்து அறியாமல் அமர்ந்தவரைப் பார்க்கும் பார்வையே போதிய ஆவணம்.

தருவோர் அறுப்பின் பண்டிகையில் வெளிப்படுவர். அன்று பலிபீடத்தடியில் வாழைக்குலை, தேங்காய், நெல்மூடை, தயிர்ச்சட்டி எல்லாம் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்வோம். முந்நூறு ரூபாய்க்குக் கேள்வி தொடங்கும். சம்பந்திமார் இருவர் விலையை ஏற்றி ஏற்றி இரண்டாயிரத்தில் ஒருவர் வெல்வார். வென்றவர் காயைத் தொடாமலே, "சபைக்கே திரும்பக் குடுக்கிறன்" என்பார். மறுபடி ஏலம். இப்படி மூவர் வாங்கிய பின்னும் பூசணி மேசையைவிட்டு அசைந்திராது. பொருளியலார் இதைப் பணவீக்கம் என்பர். உக்கிராணக்காரர் கூரைத் திருத்தம் என்பார். ஈண்டு உக்கிராணக்காரர் கருத்தே வலியுடைத்து.

வந்து பெயர்வோர் யார்? விருந்தினர் எனக் கொள்வாருமுளர். அது பொருந்தாது, அவர் போதகரே. மெதடிஸ்த முறைப்படி போதகர் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. சில ஆண்டில் மாற்றம் வரும், அடுத்த சேகரத்துக்குப் பெட்டி கட்டுவார். ஒரு சேகரத்துக்குள்ளும் ஆலயங்கள் பல, போதகர் சிலர். ஆகவே காலாண்டுத் திட்டம் போட்டு, ஆசிரியரும் லிகிதரும் ஓய்வுபெற்றவருமான சபைப் பிரசங்கிமார் மேடையேறுவர். போதகர் ஐயா ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகும் நாளில் பிரியாவிடைக் குழு கூடும்.

செல்வோரைப் பின்னர்க் கூறுதும்.

கூட்டவியல்

ஞாயிறு பாடசாலை, மாதர் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு, வகுப்புக் கூட்டம் எனக் கூட்டம் ஐந்து. பாடகர் குழு சுரத்தால் ஒன்றுபட்டு மற்றெல்லாவற்றாலும் வேறுபடும். வாலிபர் ஐக்கியத்தில் முப்பத்தைந்து வயதுவரை வாலிபம் நீளும். ஆள் குறைந்த ஆண்டில் நாற்பதும் ஒக்கும்.

ஐந்தனுள் நின்று நோக்கத்தக்கது வகுப்பு. 1742இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவாயிற்று. ஏழைகளால் முடியாதே என்றபோது, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள். தலைவர் வீடு வீடாகப் போய்த் தண்டினார். போன இடத்தில் நோயாளியைக் கண்டார், வேலை இழந்தவரைக் கண்டார், குடித்துவிட்டுச் சண்டை பிடிப்பவரையும் கண்டார். கடனை அடைப்பதைவிட இது பெரிய வேலை என்று வெஸ்லிக்கு விளங்கிற்று. அதன்பின் வாராவாரம் ஒவ்வொருவரையும் பார்த்து நலம் விசாரிப்பதே வகுப்புத் தலைவரின் கடமையாயிற்று.

ஊழியவியல்

அழைத்துச் செய்தல் கொண்டுபோய்ச் செய்தல்
அழையாது நேர்தல் எனவூழியம் மூன்றே.

கண் வைத்திய முகாம், இரத்ததானம், மாலைநேர இலவச வகுப்பு முதலியன அழைத்துச் செய்வன. இவற்றுக்குப் பதாகை இன்றியமையாதது. பதாகை நீள நீள அதன்முன் படத்துக்கு நிற்போர் தொகை பெருகும். கதிரை அடுக்குவோர் தொகை மட்டும் என்றும் இரண்டு.

டிசம்பர் இரவுகளில் கரோல் பாடிப் போவது கொண்டுபோய்ச் செய்வது. பக்கத்துச் சைவ வீட்டாரும் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பர். பத்தாம் வீட்டில் தொண்டை கட்டும். பதினைந்தாம் வீட்டில் கேக்கால் வயிறும் கட்டும்.

அழையாது நேர்வதற்கு உதாரணம் ஒன்றே போதும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. நாவலடி, கல்லடிப் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. அதன்பின் பள்ளிக்கூடமும் கோயிலும் தேவாலயமும் மக்கள் ஒதுங்கும் இடங்களாயின. அங்கே சோறு பங்கிட்டவர்களிடம் எந்தச் சபை என்று கேட்டவரில்லை. பதாகை எழுத ஆளுமில்லை. மேற்கூறிய நால்வகைப் பகுப்பு அந்நாளில் செல்லாது என்பது கொள்க.

செல்வோர் பற்றிய ஒழிபு

இனி எஞ்சிய செல்வோர். இவரைக் கண்டறிதல் அரிது. அறிக்கைப் புத்தகத்தில் பெயர் வராது. அடையாளம் மூன்று: குடை, கறி வைத்த டப்பா, மிதிவண்டி அல்லது தெரிந்தவரின் ஓட்டோ. வகுப்புத் தலைவியான அம்மா ஒருவரைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். பக்கவாதத்தில் படுத்த கிழவரின் வீடு. உள்ளே போனதும் வேதவசனம் சொல்லத் தொடங்கவில்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. நிரப்பிவிட்டுக் கட்டிலருகே இருந்து, "மருந்து துண்டு எங்க மனே?" என்று பேரனைக் கேட்டார். துண்டைப் படித்து, எந்தக் குளிசை தீர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். ஜெபம் கடைசியில்; அதுவும் இரண்டு நிமிடம். அந்தக் கிழவர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்து பல ஆண்டாகிறது. ஆயினும் சபை அவரிடம் வாராவாரம் வருகிறது.

புறனடை

வருவோர் இல்லையேல் கதிரை காலியாகும். தருவோர் இல்லையேல் கூரை ஒழுகும். போதகர் மாறினால் இன்னொருவர் வருவார். செல்வோர் இல்லையேல், மீதி மூவகையும் கூடி நடத்துவது ஒரு நல்ல கச்சேரி மட்டுமே.

இந்நூலுக்கு உரை எழுத எண்ணுவோர் அதை ஒத்திவைக்க. வகுப்புத் தலைவியோடு கூடப் போக ஓர் ஆள் குறைகிறது. குடையை நீங்களே கொண்டுவர வேண்டும்.