பத்து நாளும் ஒன்பது இரவும்

அமெரிக்காவில் 1883-இல் செவ்விந்தியர்களுக்கென்று ஒரு குற்றப்பட்டியல் வந்தது. அவர்களுடைய வைத்தியர் ஜனங்களைப் பழைய சடங்குகளிலேயே பிடித்து வைத்தால் குறைந்தது பத்து நாள் சிறை. அல்லது, தொழிலை இனி அடியோடு விட்டுவிடுவார் என்பதற்கு ஆதாரம் காட்டும்வரை சிறை. விடப்போவதற்கு ஆதாரம் எப்படிக் காட்டுவது என்று யாரும் சொல்லவில்லை; வெறுங்கையைக் காட்டியிருப்பார்கள் போலும்.

2024 அக்டோபரில் அதே அரசாங்கம் மனம் இளகியது. அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களில், பழங்குடியினருக்கான மருத்துவ நிலையங்கள் வழியாகப் பாரம்பரிய வைத்தியம் செய்தால் மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் தரலாம் என்றது. நல்ல காரியம், குறை சொல்லக் கூடாது. ஆனால் காசு என்றால் பில் உண்டே! நவஹோ மக்களின் சில குணமாக்கும் சடங்குகள் ஒன்பது இரவு பாட்டோடு நடக்கும். சடங்குக்கு வந்த நோயாளியை உள்நோயாளி என்பதா, வெளிநோயாளி என்பதா? பாட்டு மருந்தா, சிகிச்சையா? கூடவே உட்கார்ந்து விழித்திருந்த ஒன்றுவிட்ட அத்தைகள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

இதே பாட்டுக்காக வைத்தியரின் கொள்ளுத்தாத்தா சிறைக்குள்ளே இருந்த பத்து நாளை எழுத மட்டும் படிவத்தில் கட்டம் கிடையாது.