கிளை விட்ட இட்லி மாவு

டெல்லி புசா ரோட்டில் விலாசம் சொல்ல மெட்ரோ தூணின் நம்பர் போதும். "இந்த பில்லர், எதிரே கோச்சிங் சென்டர்" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எந்தத் தூணைச் சொன்னாலும் எதிரே ஒரு கோச்சிங் சென்டர் இருக்கும் என்பது வேறு விஷயம். ஐ.ஏ.எஸ். கனவோடு ராஜேந்திர நகரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் அரசியல் சாசனத்தையே ஒரே தாளில் வட்டம் போட்டு, கலர் கலராகக் கிளை விட்டு, சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். மைண்ட் மேப்.

என் அக்கா மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். பரீட்சை கைவிட்டது, படம் போடும் பழக்கம் கைவிடவில்லை. இப்போது தொழில் தொடங்கப் போகிறான். டெல்லிக் குளிரிலும் புளித்துப் பொங்கும் இட்லி மாவு.

யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். மாவு ஒழுங்காகப் பொங்கச் சுமார் 30 டிகிரி வேண்டும். ஜனவரி ராத்திரியில் இங்கே 5, 6 டிகிரிக்கே ததிங்கிணத்தோம். கரோல்பாக் தமிழ்க் குடும்பங்களில் குளிர்காலத்து முதல் ரஜாய்ப் போர்வை மாவுப் பாத்திரத்துக்குத்தான். மனிதர்களுக்கு மிச்சம் மீதி. என் மனைவி அவனுக்குள் பாத்திரத்தை வைத்து, உள்ளே இருக்கும் பல்பை மட்டும் எரியவிடுவாள். அதாவது மின்சார அவன். மருமகனும் ஒரு தடவை பயந்துபோய்த்தான் கேட்டான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்டெபிலைசர் மேல் வைப்பார். கரண்ட் போனால் மறுநாள் அவர் வீட்டில் உப்புமா.

மருமகன் லேப்டாப்பைத் திறந்து நடுவில் 'மாவு' என்று ஒரு வட்டம் போட்டான். டோனி புசான் என்ற ஆங்கிலேயர் 1974-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் இந்த வித்தையைப் பிரபலப்படுத்தினாராம். தாளைக் குறுக்கே திருப்பு, நடுவில் தொடங்கு, கோட்டை வளைத்துப் போடு, கலர் சேர், கிளைக்கு ஒரே சொல். பெயரிலேயே புசா இருப்பதால் மருமகன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

வட்டத்திலிருந்து அரிசி, உளுந்து, பாக்கெட், டெலிவரி என்று கிளம்பியது. அரிசியிலிருந்து 'பிரீமியம்', அதிலிருந்து 'பாஸ்மதி இட்லி'. டெலிவரியிலிருந்து 'ட்ரோன்'. பாக்கெட்டிலிருந்து 'லோகோ', லோகோவிலிருந்து 'அனுமார்?' ஜண்டேவாலானில் மெட்ரோவை ஒட்டி நிற்கிற 108 அடி அனுமாரைத் தினம் பார்ப்பதன் விளைவு. மெட்ரோ வரைபடத்தைக் கிரயானோடு ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்த மாதிரி ஆனது திரை. ஒரு மூலையில் 'ரிசோர்ஸ்' என்று ஊதா நிறத்தில் ஒரு கிளை. அதன் நுனியில் 'அத்தை'.

"நான் எப்போடா சரின்னு சொன்னேன்?" என்றாள் என் மனைவி.

உடனே அதிலிருந்து இன்னொரு கிளை: 'ரிஸ்க்'.

இந்த மென்பொருளில் கிளை விடுவதற்கு ஒரே ஒரு பொத்தான். கிளையை வெட்டவும் பொத்தான் உண்டு. அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடப்பதெல்லாம் வெட்டுகிற வேலைதான். 1905-ல் பீகாரில் புசா என்ற ஊரில் தொடங்கியது அது. 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்தது; 1936-ல் நிறுவனம் டெல்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரும் சேர்ந்து ரயிலேறிவிட்டது. அங்கே ஒரு நெல் ரகம் வெளிவருவதற்குள் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, வருஷா வருஷம் இது வேண்டாம், அது வேண்டாம் என்று கழித்துக்கொண்டே போவார்கள். அப்படிக் கழித்து மிஞ்சியதில் ஒன்றுதான் 2003-ல் வெளியான புசா 1121 பாஸ்மதி. 8 மில்லிமீட்டர் அரிசி, வெந்தால் 20 மில்லிமீட்டர் வரை நீளும். உலகமெல்லாம் ஏற்றுமதியாகிறது. ஊர் அதை அழைப்பதும் பாருங்கள், வெறும் நம்பரால்தான். நம் ஆள் மாவுக்கு யோசித்த பெயர்களுக்கே தனியாக ஒரு படம் இருக்கிறது.

2005-ல் பெங்களூரில் ஐடி ஃப்ரெஷ் தொடங்கிய முஸ்தஃபாவின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். மளிகைக் கடையில் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு விற்ற மாவை அவருடைய உறவுக்காரத் தம்பி பார்த்தார். இதையே சுத்தமாகக் கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்தார்கள். மருமகன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, 'ரப்பர் பேண்ட்' என்று ஒரு கிளை போட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடிப் பஞ்சாபி அம்மாள் எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். பேரனுக்கு தோசை வேண்டுமாம். "பாபிஜி, சும்மா வாங்க மாட்டேன்" என்று 50 ரூபாயை என் மனைவி கையில் திணித்துவிட்டுப் போனார். அவள் அதை சுவாமி படத்தடியில் வைத்தாள். மருமகன் பரபரப்பாக லேப்டாப்பை எடுத்தான். மேலே போனான், கீழே போனான், பெரிதாக்கினான், சின்னதாக்கினான். அனுமார் இருந்தார், ட்ரோன் இருந்தது, 2030-ல் துபாய் கிளையும் இருந்தது. பணம் வந்தால் எழுதிக்கொள்ள மட்டும் எங்கேயும் இடமில்லை.

"புதுசா 'வருமானம்'னு ஒண்ணு போட்டுடலாம். என்ன கலர் மாமா, பச்சையா, ஆரஞ்சா?"