99 விழுக்காடு வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிவியூ கமிட்டி, கணினிப் பொறியியல் துறை.

பொருள்: அக்யூரசியை உயர்த்திக்கொள்ள அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இரண்டாவது ரிவியூவில் என் ப்ராஜெக்டைத் திருப்பியனுப்பியது முற்றிலும் நியாயம். சர்க்கரை நோயை முன்கூட்டியே சொல்லும் மாடல் என்று பெரிதாகத் தலைப்பு வைத்துவிட்டு, வெறும் 77 விழுக்காட்டோடு வந்து நின்றவனை வேறு என்னதான் செய்வது? பக்கத்து டீம் 99.2 காட்டியது. அந்தப் புள்ளி இரண்டில் இருந்த துணிச்சலைக் கண்டு எனக்கே மெய்சிலிர்த்தது.

இரண்டு டீமுக்கும் டேட்டாசெட் ஒன்றுதான். அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் மருத்துவ விவரம். நம் துறையில் சீனியர்கள் வழிவழியாகப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போவது. நான் செய்த அதிகப்பிரசங்கித்தனம், அதைத் திறந்து பார்த்ததுதான். உள்ளே 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0. 11 பேருக்கு பிஎம்ஐ 0, அதாவது உடம்பில் எடையே கிடையாது. 374 பேருக்கு இன்சுலின் 0. அளக்காத இடத்திலெல்லாம் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ரத்த அழுத்தமே இல்லாத பெண்மணிக்குச் சர்க்கரை வருமா என்று கணிப்பதில் எனக்கு லேசான தயக்கம் ஏற்பட, அந்தக் கட்டங்களைச் சரிசெய்யப் புகுந்தேன். “நீ பார்த்துச் செய்யுற பேஸ் பேப்பர்லயே எல்லாம் இருக்கே, இதை ஏம்ப்பா நோண்டுற?” என்று கேட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை.

768 பேரில் சர்க்கரை உள்ளவர்கள் 268 பேர்தான். வருகிறவர்கள் எல்லோரிடமும் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்று சொல்லும் ஒற்றை வரி கோடுகூட 65 விழுக்காடு வாங்கிவிடும். 1988-இல் இதே தரவைக் கையாண்ட ஆய்வாளர்களின் மாடல், நோய் உள்ளவர் இல்லாதவர் இரு சாராரிலுமே 76 விழுக்காட்டினரைத்தான் சரியாகச் சொன்னது. பாவம், அவர்களுக்கு நம் கமிட்டி வாய்க்கவில்லை.

பக்கத்து டீமின் ரகசியத்தையும் கேட்டறிந்தேன். டெஸ்டுக்கு ஒதுக்க வேண்டிய வரிசைகளும் ட்ரெயினிங்கிலேயே கலந்திருந்தன. முந்தின நாளே வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு நடத்திய பரீட்சை. அதிலும் 0.8-ஐ விட்டுக்கொடுத்தது, கோடு எழுதிக்கொடுத்த ப்ராஜெக்ட் சென்டர்காரரின் பெருந்தன்மை.

தாங்கள் சுட்டிய பிழைகள் அனைத்தையும் திருத்திவிட்டேன். இடது மார்ஜின் இப்போது ஒன்றரை அங்குலம். நன்றியுரையில் சேர்மன் பெயருக்கு மேலே ஏறியிருந்த பிரின்சிபாலைக் கீழே இறக்கியாயிற்று. நோய் இருந்தும் ‘இல்லை’ என்று மாடல் வீட்டுக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று காட்டிய பக்கத்தை, “பார்க்க நெகட்டிவா இருக்கு” என்று எடுத்துவிடச் சொன்னீர்கள். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கல்லூரி லோகோவைப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து, மூன்று பிரதிகள் இத்துடன். வைவா அன்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அக்யூரசியைக் கேட்டால் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால், பிபிடியில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
நான்காம் ஆண்டு, ‘பி’ பிரிவு.