விழித்திருப்பவரின் பெயர்

2007இல் ராத்திரி ஷிஃப்ட்டில் என் பெயர் டேனியல். அமெரிக்காவில் வெப் ஹோஸ்டிங் நடத்திய ஒரு கம்பெனி, தன் சர்வர்களைக் கவனிக்கும் வேலையைச் சென்னையில் நாங்கள் இருந்த நிறுவனத்திடம் விட்டிருந்தது. பதில்களின் கீழே இந்தியப் பெயர் வரக்கூடாது என்பது ஏற்பாடு. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை பத்தரை என்றால் நமக்கு இரவு ஒன்பது. அவர்கள் கடை திறக்கிற நேரத்தில் நாங்கள் நாற்காலியில் உட்காருவோம். டிக்கெட் விழுந்த பதினைந்து நிமிஷத்துக்குள் முதல் பதில் போயாக வேண்டும். மெயில் போகவில்லை என்றால் எக்ஸிம் க்யூ, சைட் திறக்கவில்லை என்றால் அப்பாச்சி எரர் லாக். விடியும்வரை இதுதான்.

பூக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, காதலர் தினத்துக்கு முந்தைய நாள் தன் சைட்டை மீட்டுக் கொடுத்ததற்காக நாலு வரி நன்றி எழுதியிருந்தார். அதைப் பிரின்ட் எடுத்து மதுரைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கத் தெரியும். “இதுல உன் பேரு எங்கடா இருக்கு?” என்றார்.

2011இல் ஊருக்கே வந்து தனியாக மென்பொருள் எழுத ஆரம்பித்தேன். ஜவுளிக்கடைக்கு ஸ்டாக் கணக்கு, ஸ்கேன் சென்டருக்கு ரிப்போர்ட், பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் ரசீது. காசு மென்பொருளுக்கு மட்டும்தான். சர்வர், “நீங்களே பாத்துக்கங்க சார்” என்ற ஒற்றை வார்த்தையோடு என் தலையில் வந்து உட்காரும். அதற்குத் தனியாகக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியான வாரம், அப்படி என் தலையில் இருந்த ஒன்பது சர்வர்களையும் நான் ஒருத்தனே திருத்தினேன். திருத்தியதோடு விஷயம் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை நிறுத்தித் துவக்காவிட்டால் பழைய ஓட்டையே நினைவகத்தில் இருக்கும். சான்றிதழ்களையும் புதிதாக வாங்க வேண்டும். அந்த வாரம் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை.

2018இல் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்கும் நேரம் ஜவுளிக்கடையிலிருந்து போன்: பில் போட முடியவில்லை, கடை நிறையக் கூட்டம். மண்டபத்துத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்தால், டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பிக் கிடக்கிறது. லாக் ஃபைல் ஒன்று 38 ஜிபி வளர்ந்திருந்தது. பதற்றத்தில் அழித்துவிட்டேன். ஆனாலும் இடம் காலியாகவில்லை. ஒரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் கையை விடும்வரை இடம் திரும்ப வராது. டேனியலாக இருந்தபோது இதை எத்தனையோ பேருக்கு விளக்கி எழுதியிருக்கிறேன். அன்று ஞாபகம் வர இருபது நிமிஷம் ஆனது. பிள்ளையைப் பெரிய தாத்தா மடியில் வைத்துக் காது குத்திவிட்டார்கள். அந்தப் போட்டோவில் நான் இல்லை.

அந்த மாதமே முடிவெடுத்தேன்: சர்வர் வேலையை வெளியே கொடுப்பது. ஒருகாலத்தில் கடல் தாண்டி வந்த அதே வேலை, இப்போது என்னிடமிருந்து பெரியகுளத்துக்குப் போகிறது. அங்கே ஒரு தம்பி இருக்கிறான். சென்னையில் ஆறு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு, அம்மாவைக் கவனிக்க ஊர் திரும்பியவன். அந்த ஷிஃப்ட்டில் அவனுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது.

பீரோ சாவியைக் கொடுப்பது போலத்தான் தயக்கமாக இருந்தது. ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவனுக்கென்று தனிச் சாவி, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு, ஒவ்வொரு சர்வருக்கும் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு குறிப்பேடு என ஏற்பாடு செய்தேன். குறிப்பேடு எழுத மூன்று வாரம் பிடித்தது. என் தலைக்குள் மட்டும் எவ்வளவு கிடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

வந்த முதல் மாதமே அவன் கேட்டான்: “அண்ணே, பேக்கப் எடுக்குறீங்க சரி, அதை எப்பவாவது திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?” பார்த்ததில்லை. போட்டுப் பார்த்தான். ஸ்கேன் சென்டரின் பேக்கப் ஃபைல் ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நான் மாற்றியதிலிருந்து டம்ப் தோற்றுப்போய், வெறுமையை ஜிஜிப் சுருக்கிச் சுருக்கி ஏழு மாதமாக ஃபைலாக வைத்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஃபைல் இருக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை. அந்த ஏழு மாதத்தில் டிஸ்க் போயிருந்தால் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரிப்போர்ட் போயிருக்கும். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லா பேக்கப்பையும் வேறொரு சர்வரில் ஏற்றித் திறந்து பார்க்கிறான். 2024 ஜூன் 30இல் சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு முடிவதற்கு நான்கு மாதம் முன்பே, அதில் ஓடிய சர்வர்கள் எல்லாவற்றையும் வேறு ஓஎஸ்ஸுக்கு மாற்றி முடித்துவிட்டான்.

மாதச் சம்பளம் தவிர, இரவு பதினொன்றிலிருந்து ஐந்துக்குள் எழுப்பினால் ஒவ்வொரு தடவைக்கும் தனிப் பணம். இதில் நான் பேரம் பேசியதில்லை. அந்தத் தூக்கத்தின் விலை எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் அவன் சொந்தப் பெயரையும் அவன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். “உங்க ஆளை அவங்க நேரா பிடிச்சுக்குவாங்களே” என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. போன தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்காரர் அவன் பெயருக்கே துணி அனுப்பினார்.

தனியாகத் தொழில் செய்யும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். அடுத்த கொட்டேஷனில் சர்வர் பராமரிப்பைத் தனி வரியாக எழுதுங்கள், அதற்கு நேரே தொகையைப் போடுங்கள். ராத்திரி எழுந்து பார்க்கப்போகிறவரின் சொந்தப் பெயரையும் அங்கேயே எழுதுங்கள்.